அலமாரிப் பக்கம் – 14: பூட்டிய நூலும் பூட்டாத நூலும்

பைண்டிங் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே கேள்விதான். தாள், தையல், அட்டை என்று இவ்வளவு உருகுகிற நீங்கள் கிண்டிலில் படிப்பதுண்டா? கும்பகோணத்து வாசகி ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருந்தார். அந்தக் கருவி வந்த பிறகு பிள்ளைகள் புத்தகக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்பது அவர் வருத்தம்.

படிக்கிறேன். தினமும் படிக்கிறேன். இரவில் வீட்டார் தூங்கிய பிறகும், ரயில் பயணத்திலும், மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போதும் அதில்தான் படிப்பு. புத்தகக் கடைக்கும் முன்போலவே போகிறேன். கை நிறையத்தான் திரும்புகிறேன். கண்ணாடித் திரைக்கும் காகிதத்துக்கும் பகை என்று எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு இருக்கும் கவலை வேறு. அதைச் சொல்வதற்கு முன் கருவிக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சேர்த்துவிடுகிறேன்.

என் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. விரல் மூட்டுகள் வீங்கியிருப்பதால் தடித்த புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியாது. ஒரு காலத்தில் வாடகை நூலகத்துக்காரர் புது நாவல் வந்தால் முதலில் இவருக்குத்தான் எடுத்துவைப்பாராம். அப்படிப்பட்டவர் இரண்டு ஆண்டுகளாக டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். சுமார் 200 கிராம் எடையுள்ள கருவியை அவர் மடியில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுடா." பண்ணினேன். "இன்னும்." கடைசியில் திரையில் ஏழெட்டு வரிதான் நின்றது. "ஆங், இது போதும், நீ போ" என்றார். பக்கத்தில் வைத்த காபி ஆடை கட்டிப்போனது. இதைப் பார்த்த பிறகு மின்நூலைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

அந்தத் திரை டி.வி.யோ கைப்பேசியோ போன்றதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஜோசப் ஜேக்கப்சன் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கி, 1997இல் நிறுவனமாக வளர்த்த மின்மை (ஈ-இங்க்) அது. திரைக்குள் தலைமுடிப் பருமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவம். அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். வெள்ளைக்கு நேர்மின்னூட்டம், கறுப்புக்கு எதிர்மின்னூட்டம். அடியில் மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வர, மற்றொன்று கீழே இறங்குகிறது. மேலே வந்த கறுப்புத்தான் நாம் படிக்கும் எழுத்து. ஒரு தடவை எழுத்து அமர்ந்துவிட்டால் அதை அங்கேயே நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. எழுத்துக்காக மின்கலம் செலவாவது பக்கம் புரளும்போது மட்டும்தான். அதனால்தான் ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. காகிதத்தைப் போலவே அறை வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிற திரை என்பதால் உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

தமிழ் இந்தத் திரையில் ஏறுவதற்குப் பட்ட பாடு தனி. முதல் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் எழுத்து அதில் சரியாக உட்காரவில்லை. கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், துணைக்கால் ஓரிடம் என்று சிதறி நிற்கும். கணினிக்கென்று தயாரித்த பி.டி.எஃப். கோப்பைப் போட்டாலோ, பெரிய பக்கம் முழுவதும் சிறு திரைக்குள் சுருங்கி எறும்பு ஊர்வது போலத் தெரியும். அந்தக் காலத்தில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் தன்னார்வலர்கள் செய்த வேலையை நன்றியோடு நினைக்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் வழக்கமான வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துத் தனியாக ஒரு பி.டி.எஃப். செய்து வைத்தார்கள். கருவி தமிழைக் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்காமல், கருவிக்கு ஏற்ற தமிழ்ப் பக்கத்தை அவர்களே வெட்டித் தந்தார்கள். அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் மின்நூல் விற்பனையைத் தொடங்கியது.

இனி காகிதம். எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' இரண்டு விதமாக இருக்கிறது. கருவியில் முழு நாவலும் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. அலமாரியின் மேல்தட்டில், 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வந்தபோது பாட்டி வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த தொகுப்பு. மணியத்தின் ஓவியங்கள் அதில்தான். கதை முடியும் பக்கத்தின் பாதியில் தலைவலித் தைலத்துக்கோ காபித் தூளுக்கோ விளம்பரம் இருக்கும். பைண்டர் ஓரம் வெட்டும்போது சில பக்கங்களில் வரிக் கடைசி எழுத்து அரைகுறையாகப் போயிருக்கிறது. மூன்றாவது தொகுதியில் ஓர் அத்தியாயம் அச்சிலேயே இல்லை. அந்த வாரம் இதழ் வரவில்லையோ, இரவல் போனது திரும்பவில்லையோ! கோடு போட்ட தாளில் நீல மையால், அடித்தல் திருத்தல் இல்லாமல், யாரோ முழு அத்தியாயத்தையும் கையால் எழுதி அந்த இடத்தில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பாட்டியின் கையெழுத்து அது இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்பார் அப்பா.

ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் இரவல் வாங்கி எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தலைமுறைக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நானும் அத்தைக்காக வாங்கிய சில நாவல்களை இன்னொருவர் கருவிக்கு மாற்றித்தர முயன்றபோதுதான் வித்தியாசம் புரிந்தது. முடியாது. அப்போது அத்தை கேட்டார்: "எனக்கப்புறம் இதுல இருக்கறதெல்லாம் யாருக்குடா போகும்? சுமதிக்குக் குடுத்துடலாமா?"

சுமதி அவர் பேத்தி. புடவை, வெள்ளிக் கும்பா, புத்தகம் எல்லாம் அவளுக்கென்று என்றோ முடிவானவை. இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பணம் கொடுத்து 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியபோது நாம் பெற்றது நூல் அல்ல, படிக்கும் உரிமம். அந்த உரிமம் ஒருவர் கணக்கோடு கட்டப்பட்டது. நூலை மின்பூட்டு (டி.ஆர்.எம்.) போட்டுத்தான் நமக்கு அனுப்புகிறார்கள். சாவி கடைக்காரரிடம்.

இந்தக் குணம் மின்மைக் கருவிக்குப் பிறவியிலேயே வந்தது. மின்மைத் திரையோடு முதன்முதலில் விற்பனைக்கு வந்த கருவி சோனி நிறுவனத்தின் லிப்ரியே, 2004இல் ஜப்பானில். அதில் நூலை வாடகைக்குத்தான் எடுக்க முடியும். 60 நாள் ஆனால் தானாகவே திறக்காமல் போய்விடும். 2009 ஜூலையில் நடந்தது இன்னும் கடுமை. ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் உரிமை இல்லாத ஒரு நிறுவனம் கிண்டில் கடையில் ஏற்றிவிட்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பள்ளிப் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் எழுதிவைத்த குறிப்புகள், எதைப் பற்றிய குறிப்புகள் என்றே தெரியாதபடி அந்தரத்தில் நின்றன. அவர் வழக்குப் போட்டார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பிறகு 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்கள் எல்லோருடைய நூல்களும் ஒன்றுவிடாமல் மறைந்தன. விலையைத் திருப்பித் தந்தார்கள். ஓரக் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்கு 25 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் நிறுத்திவிட்டது.

கும்பகோணத்து வாசகி இதைப் படித்ததும், பார்த்தீர்களா, காகிதம்தான் நிலைக்கும் என்று சொல்லக்கூடும். அம்மா, அதிலும் நிம்மதி இல்லை. ஐம்பதுகளில் அச்சான நம் புத்தகங்களில் பெரும்பாலானவை மரக்கூழிலிருந்து செய்த மலிவுத் தாளில் வந்தவை. அந்தத் தாளிலேயே அமிலம் இருக்கிறது. முதலில் விளிம்பு பழுக்கும், பிறகு பக்கம் முழுவதும் தவிட்டு நிறமாகும், கடைசியில் புரட்டினாலே அப்பளமாக நொறுங்கும். பாட்டியின் தொகுப்பை நானே இப்போது ஆண்டுக்கு ஒரு முறைதான் தொடுகிறேன். நெருப்பு வேறு. 1981 மே கடைசி இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள், பழைய இதழ்கள். வேறெங்கும் பிரதி இல்லாதவை எவையோ, அவை அன்றோடு இந்த உலகத்தில் இல்லை. அதை எழுதும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அந்தச் சாம்பலை மறக்காத ஈழத்துத் தன்னார்வலர்கள் 2005இல் 'நூலகம்' என்ற மின்நூலகத்தைத் தொடங்கினார்கள். ஊர்ப் பள்ளி மலர், கோயில் சிறப்பிதழ், நினைவு மலர், நின்றுபோன சிற்றிதழ் என்று யாரும் பொருட்டாக எண்ணாதவற்றை எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் அலுவலகம் முடிந்து வந்து சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் பிழை பார்த்தார். ஒரு காசு வாங்காமல். கோடு போட்ட தாளில் நீல மையால் ஓர் அத்தியாயத்தை எழுதிச் சேர்த்த கையும் இவர்கள் கையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. பூட்டில்லாத கோப்பு என்பதால் அது ஆயிரம் கணினிகளில் இருக்கிறது. ஒரு கட்டடத்தைக் கொளுத்தி அதை அழித்துவிட முடியாது.

என் கவலை என்னவென்று இப்போது சொல்லிவிடலாம். காகிதமா திரையா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், புத்தகத்தை இரவல் தரும், பிரதி எடுக்கும், பிள்ளைக்கு விட்டுப்போகும் உரிமை சத்தமில்லாமல் கை நழுவுகிறது. பல கைகளில் பிரதி இருந்ததால்தான் தமிழில் பிழைத்தவை பிழைத்தன. அந்தக் கைகளைக் கட்டிப்போடும் நூல், எந்த வடிவத்தில் வந்தாலும், எனக்கு அரை நூல்தான்.

ஆகவே நான் செய்வது இது. உரிமை நீங்கிய பழைய நூல்களையும் ஆசிரியர்களே பொதுவில் விட்ட நூல்களையும் கருவியில் இறக்கிப் படிக்கிறேன். அவற்றை ஈபப் என்ற மின்நூல் வடிவத்தில் கணினியிலும் பென் டிரைவிலும் வைத்திருக்கிறேன். அடுக்கி வைக்கவும் வடிவம் மாற்றவும் கோவித் கோயல் என்ற இந்தியர் 2006இல் எழுதத் தொடங்கி இலவசமாகத் தந்த காலிபர் மென்பொருள் போதும். வாழும் எழுத்தாளர்களின் புது நூல்களைக் கடையில் காகிதத்தில் வாங்குகிறேன். பதிப்பகத்துக்கும் எழுத்தாளருக்கும் அந்தப் பணம் போக வேண்டும். கவிதையைக் காகிதத்தில் மட்டுமே படிக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கினால் கவிஞர் முறித்த இடத்தில் வரி முறிவதில்லை, திரை அகலம் முடிகிற இடத்தில் முறிகிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. பூட்டிய நூலை, உடனே படித்தாக வேண்டும், அச்சில் இல்லை என்றால் மட்டும் வாங்குகிறேன். வாடகை நூலகத்துக்குக் கொடுத்த காசு என்றே கணக்கு வைக்கிறேன். அத்தையின் நூல்களில் பூட்டில்லாதவற்றைச் சுமதியின் கருவியில் ஏற்றியாயிற்று. மற்றவற்றில் அத்தைக்குப் பிடித்த இரண்டை அச்சுப் பிரதியாக வாங்கி முதல் பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கிண்டிலில் சொந்தமாக நூல் ஏற்றும்போது மின்பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பக்கமே உங்களைக் கேட்கிறது. பலர் படிக்காமலே 'வேண்டும்' என்று தட்டிவிடுகிறார்கள். திருட்டுப் பிரதி எடுப்பவரை அந்தப் பூட்டு தடுப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய வாசகரைத்தான் தடுக்கிறது. தயவுசெய்து 'வேண்டாம்' என்று குறியுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய சிற்றிதழோ, ஊர்ச் சங்க மலரோ கிடந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஸ்கேன் செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நடுவில் பக்கம் போயிருந்தாலும் பரவாயில்லை. விட்டுப்போன பக்கம் இன்னொருவர் வீட்டுப் பரணில் இருக்கும். அப்படிச் சேர்த்துச் சேர்த்தே ஒரு தனி மனிதர் கோட்டையூரில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றினார். ரோஜா முத்தையாவின் வீட்டுக்கு அடுத்த வாரம் போவோம்.