உங்களுக்குத் தெரியுமா? கணினி புதுசு, கணக்கு பழசு!

★ விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மதுரைக் கீழமாசி வீதி மொத்தக் கடையோ, மேலூர்ப் பக்கம் அரிசி ஆலையோ, பழைய பாக்ஸ்ப்ரோவில் பில் போட்டுவந்தவர்கள் புதுக் கணினி வாங்கினால் அந்த டாஸ் புரோகிராம் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டுமே வருகிறது. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் பகுதி அதில் இல்லை. பதற வேண்டாம். பாக்கிக் கணக்கு முழுக்க டிபிஎஃப் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் அதை அட்டவணையாகவே திறந்து காட்டும். அதே பெயரில் எஃப்பிடி ஃபைல் இருந்தால் அதையும் சேர்த்தே காப்பி எடுங்கள்; நீளமான குறிப்புகள் அதில்தான் இருக்கும். பழைய புரோகிராமே வேண்டும் என்பவர்கள் டாஸ்பாக்ஸை முயன்று பார்க்கலாம்.

★ தகவல்தளங்களோடு புரோகிராம்களை இணைக்க உதவும் ஓடிபிசி செட்டிங் கருவி விண்டோஸில் இரண்டு உண்டு. இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஒன்றே. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64-பிட், சிஸ்வாவ்64-ல் இருப்பது 32-பிட்! ஆக்சஸ் ஃபைல் இணைய மறுத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

★ தகவல்தள சர்வரான மைஎஸ்க்யூஎல் 8.0 (2018) பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையையே மாற்றியது. சர்வரை மேம்படுத்திய பிறகு பழைய கருவி உள்ளே விடவில்லை என்றால், உங்கள் பாஸ்வேர்டு தப்பு என்று அர்த்தமில்லை. ஒர்க்பெஞ்ச், டிபீவர், ஹெய்டிஎஸ்க்யூஎல் இவற்றில் ஒன்றின் புதிய பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுவதால் என் ஓட்டு டிபீவருக்குத்தான். போஸ்ட்கிரஸ்காரர்களே, பிஜிஅட்மின் 3-ஐ இன்னும் தேடாதீர்கள். 2016-லேயே பிஜிஅட்மின் 4 வந்துவிட்டது.

★ 'மதுரை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்! புதுக் கருவியில் வாடிக்கையாளர் பெயரெல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தால், மைஎஸ்க்யூஎல் இணைப்பின் எழுத்துமுறை யுடிஎஃப்8எம்பி4-தானா என்று பாருங்கள். கிறுக்கலோடு 'சேவ்' கொடுத்துவிடாதீர்கள். நல்ல தகவலும் அதோடு கெட்டுப்போகும்.

★ எஸ்க்யூலைட் ஃபைல் வடிவம் 2004-லிருந்து மாறாமல் ஒத்துப்போகிறது. 2050 வரை ஆதரவு தருவதாக அதை உருவாக்கியவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள். டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியில் திறக்கலாம்.

★ சர்வீஸுக்கு வந்தவர் 'ஃபார்மேட் பண்ணிரலாம்ணே' என்றால், கொஞ்சம் நிறுத்துங்கள். மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தால் போதாது. முறையாக டம்ப் எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.