மருந்து முதலில் கட்டிக்கு... பிறகுதான் நோயாளிக்கு!

சிறுநீர்த் தொற்று என்று போனால், டாக்டர் சில நேரம் 'யூரின் கல்ச்சர்' எழுதிக் கொடுப்பார். ஓரிரு நாள்களில் ரிப்போர்ட் வரும். வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள் இருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று அதில் தெரிந்துவிடும்.

புற்றுநோய்க்கும் இப்படி ஒரு டெஸ்ட் இருந்தால் எப்படி இருக்கும்?

கீமோதெரபியைப் பார்த்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் வலி புரியும். முடி கொட்டும், வாந்தி வரும், வாயெல்லாம் புண்ணாகும். இரண்டு மூன்று சைக்கிள் முடிந்து ஸ்கேன் எடுத்த பிறகுதான், 'இந்த மருந்து கேட்கவில்லை, மாற்றிப் பார்க்கலாம்' என்பது தெரியவரும். போன வாரங்களும் திரும்பாது, போன பணமும் திரும்பாது.

செல்லை வளர்த்தால் போதாதா?

கட்டியிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, தட்டில் வளர்த்து மருந்து ஊற்றிப் பார்ப்பது பழைய முறை. ஆனால், தட்டில் செத்துப்போகும் செல், உடம்புக்குள் அதே மருந்துக்கு அசையாமல் இருப்பதுண்டு.

காரணம், கட்டிக்குள் இருப்பது புற்றுநோய் செல்கள் மட்டுமல்ல. ரத்தக்குழாய்கள், நார்த்திசு, நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தெரு மாதிரி வாழ்கின்றன. ஒரு வீட்டை மட்டும் பெயர்த்து வந்து, தெருவின் கதையைக் கேட்க முடியாது.

சிப்ஸ் சீவுவது போல...

அதனால் ஆய்வாளர்கள் தெருவையே அப்படியே எடுக்கிறார்கள். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ஒரு பகுதியை, கடல்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸ் ஜெல்லிக்குள் பதிக்கிறார்கள். 'வைப்ரட்டோம்' என்ற கருவியின் பிளேடு, அதிர்ந்துகொண்டே அதை மெதுவாகச் சீவும்.

ஒரு சீவலின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். மூன்று வெள்ளைத்தாள்களை அடுக்கிய அளவுதான். இதைவிடத் தடித்தால், ரத்த ஓட்டம் இல்லாத நிலையில் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. செல்கள் மூச்சுத்திணறிச் செத்துவிடும்.

இந்தச் சீவல்களை உடல் வெப்பமான 37 டிகிரியில், ஊட்டச்சத்து திரவத்தில் வைக்கிறார்கள். ஒரு சீவலுக்கு ஒரு மருந்து, இன்னொன்றுக்கு வேறு மருந்து. மூன்று நாள் கழித்து எதில் செல்கள் செத்திருக்கின்றன, எதில் இன்னும் பெருகுகின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள். மருந்து தோற்றாலும், தோற்றது தட்டில்தான். நோயாளியின் உடம்பில் அல்ல.

சீவும் யோசனை புதிதல்ல. 1920-களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க், கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கி, அவை சர்க்கரையை எப்படிப் பயன்படுத்துகின்றன என்று அளந்தார்.

பெங்களூரு செய்த சோதனை

பெங்களூருவின் மித்ரா பயோடெக் ஆய்வாளர்களும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இணைந்து செய்த ஆய்வு, 2015-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. கட்டித் துண்டுகளை அந்தந்த நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்திலேயே வளர்த்தது இதன் சிறப்பு. 109 பேரின் முடிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, பிறகு வேறு 55 பேரிடம் சோதித்தார்கள். மருந்து கேட்ட நோயாளிகளில் ஒருவரைக்கூட அந்தக் கணிப்பு தவறவிடவில்லை.

அவசரப்பட வேண்டாம்

ஆனாலும் தட்டு, உடம்பாகிவிடாது. 'சைக்ளோபாஸ்பமைடு' என்ற மருந்து, கல்லீரலில் மாற்றமடைந்த பிறகுதான் வேலை செய்யும். சீவலுக்கு ஏது கல்லீரல்? கட்டியின் ஒரு மூலையில் கேட்கும் மருந்து, மறு மூலையில் கேட்காமலும் போகலாம். சீவல்களும் சில நாள்களுக்கு மேல் இயல்பாக இருப்பது கடினம்.

இப்படி ஆய்வகத்தில் மருந்தைச் சோதித்து கீமோவைத் தேர்ந்தெடுப்பதை ஆராய்ச்சிக்கு வெளியே செய்ய வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2011-ல் கூறியது. எனவே யாராவது பெரிய தொகை சொல்லி இந்த டெஸ்ட்டுக்கு அழைத்தால், முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஆபரேஷனில் எடுக்கும் கட்டி வழக்கமாக ஃபார்மலினுக்குள் போகும். அதில் விழுந்த செல்லுக்கு உயிர் இருக்காது. சீவி வளர்க்க முடியாது. ஆகவே இப்படிப்பட்ட ஆராய்ச்சியில் சேர வாய்ப்பு உண்டா என்ற கேள்வியை, ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.