தந்தித் தாளில் ஒரு பியானோ
தொலைந்த தாள்கள் – 9

காவலர்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஸ்வரம் எழுதலாம், சொல் எழுதக் கூடாது.

சைபீரியாவின் வடகிழக்கு மூலை, கோலிமாப் பகுதியில் இருந்த கைதி முகாம் அது. 1937-ல் கைதாகி அங்கே கொண்டுபோய்த் தள்ளப்பட்டபோது வ்ஸேவொலத் ஸதெராத்ஸ்கிக்கு வயது 45. செய்த குற்றம்? யாரோஸ்லாவ்ல் நகரத்தில் மாணவர் இசைக்குழுவுக்கு வாக்னரையும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸையும் சொல்லிக் கொடுத்தார். ‘பாசிச இசையைப் பரப்பினார்’ என்று வழக்கு. இதில் ஒரு கூத்து உண்டு. மூன்றே ஆண்டு கழித்து, ஹிட்லரோடு ஸ்டாலின் கைகுலுக்கியபின், 1940 நவம்பரில் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கிலேயே வாக்னரின் ஓபரா மேடையேறியது. இயக்கியவர் ஐசன்ஸ்டைன். ஸதெராத்ஸ்கி கொஞ்சம் தாமதமாகப் பாடம் நடத்தியிருந்தால் பாராட்டுப் பத்திரமே கிடைத்திருக்கும்.

அவருடைய பழைய கணக்கும் சரியில்லை. இளம் வயதில் ஜாரின் மகனுக்கு பியானோ சொல்லிக் கொடுத்தவர். உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படையில் இருந்தவர். 1926-ல் முதன்முறை கைதானபோதே, அதுவரை எழுதியிருந்த கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். 34 வயது மனிதரின் முழு உழைப்பும் ஒரே வீச்சில் போயிற்று. அச்சில் எதுவும் வராததால் வேறு எங்கும் பிரதி கிடையாது.

கோலிமாவில் அவர் கேட்டது தாளும் பென்சிலும். கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்பதால் காவலர்களிடம் கொஞ்சம் சலுகை இருந்தது. கிடைத்தவை தந்தி அடிக்கும் படிவங்கள், கட்டம் போட்ட சின்ன நோட்டு. ரப்பர் கிடையாது. ஐந்து கோடுகளைத் தானே கிழித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பியானோவும் இல்லாமல், அவர் எழுதத் தொடங்கியது இசையிலேயே கடினமான கணக்குகளில் ஒன்று: 24 ப்ரிலூடுகள், 24 ஃப்யூகுகள். மேற்கத்திய இசையில் மேஜர் 12, மைனர் 12 என ஆதார சுருதிக் கட்டுகள் மொத்தம் 24. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரை, ஒரு ஃப்யூக். பாக் போட்டுக் கொடுத்த பாதை.

ஃப்யூக் என்பது ஒரு துரத்தல். ஒரு குரல் ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகரும்; அதே வரியை இரண்டாவது குரல் வேறு சுருதியில் பிடிக்கும்; அப்போது முதல் குரல் சும்மா இருக்காமல் எதிர்வரி பாடும்; பிறகு மூன்றாவது குரல், சில சமயம் நான்காவது. எங்கேயாவது ஓர் இடத்தில் கணக்கு பிசகினால் பத்து அடி பின்னால் போய்த் திருத்த வேண்டியிருக்கும். ரப்பர் இல்லாதவர் எங்கே திருத்துவது? மனசுக்குள் முழுதும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலைத் தாளில் வைத்திருக்க வேண்டும்.

1939-ல் விடுதலையானார். தாள்களும் அவரோடு வெளியே வந்தன. பாக் வழியில் சோவியத் நாட்டில் எழுதப்பட்ட 24 ஃப்யூகுகள் என்றால் உலகத்துக்குத் தெரிந்தது ஷோஸ்தகோவிச்சின் தொகுப்புதான். அது எழுதப்பட்டது 1950–51-ல். ஸதெராத்ஸ்கி 11 ஆண்டுகள் முந்திக்கொண்டார். ஆனால் அதைச் சொல்ல ஆளில்லை. 1953 பிப்ரவரியில் ல்விவ் நகரில் அவர் இறந்தபோது அவர் இசை அச்சேறியிருக்கவில்லை. அடுத்த மாதம் ஸ்டாலின் இறந்தார். அப்பாவின் பெயரையே கொண்ட மகன் இசை ஆய்வாளராகி, அந்தத் தாள்களைப் பல பத்தாண்டுகள் காத்தார். 24 ஜோடியும் முழுமையாக மேடையில் ஒலித்தது 2014 டிசம்பரில், மாஸ்கோ கன்சர்வேடரியின் ராக்மானினவ் அரங்கில். பல பியானோ கலைஞர்கள் பங்கு போட்டுக்கொண்டு வாசித்தார்கள்.

இப்படி ஒரே ஒரு பிரதியை நம்பி உயிர் பிழைத்த இசை ரஷ்யாவில் நிறைய. நிகொலாய் ரோஸ்லாவெத்ஸ் 1944-ல் இறந்ததும் அவர் வீட்டைக் கலைத்துப் போட்டுக் கையெழுத்துப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி ஒளித்து வைத்தவை பிற்பாடு அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போயின. மாணவர் ப்யோத்தர் தெப்லோவ் வைத்திருந்தவை இன்னொரு பக்கம் தப்பின.

அச்சில் வந்துவிட்டால் மட்டும் பத்திரமா? அதுவும் இல்லை. செர்கேய் போர்ட்கேவிச் கதையைப் பாருங்கள். கார்கிவில் 1877-ல் பிறந்தவர். லைப்ஸிக்கில் படிப்பு, பெர்லினில் வாழ்க்கை, முதல் உலகப் போரில் ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார், புரட்சியில் பண்ணை வீடு சூறை போயிற்று. 1920-ல் யால்டாவிலிருந்து கப்பலேறி கான்ஸ்டாண்டிநோபிள், அங்கிருந்து 1922-ல் வியன்னா. ஷோபான், லிஸ்ட் காலத்து இனிமையை இருபதாம் நூற்றாண்டின் நடுவிலும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர். புதுமை பேசியவர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிப்பித்தவை ராட்டர், லிட்டோல்ஃப் என்ற ஜெர்மன் நிறுவனங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு விழுந்தபோது பதிப்பகங்களில் இருந்த அவர் படைப்புகள் பெரும்பாலும் எரிந்தன. கூடவே அவருடைய வருமானமும்.

1945 டிசம்பரில் அவர் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் குளிர் தாங்காமல் மனைவியும் தானும் குளியலறைக்குள் ஒடுங்கிக் கிடப்பதாக. சின்ன அறை என்பதால் ஒரு கேஸ் விளக்கைக் கொண்டே சூடாக்க முடிகிறது என்பதாக. ஹாலந்தில் அவருக்கு ஹ்யூகோ வான் டாலென் என்ற டச்சு பியானோ கலைஞர் நண்பராக இருந்தார். போர்ட்கேவிச் புதிதாக எதை எழுதினாலும் இவருக்கு ஒரு பிரதி அனுப்புவார். நட்புக்காகச் செய்ததுதான், ஆனால் வியன்னாவிலும் ஜெர்மனியிலும் இல்லாமல் போனவை ஹாலந்தில் ஒரு வீட்டு அலமாரியில் இருந்தன. 1967-ல் வான் டாலென் இறந்தபின் அவர் குடும்பம் அவற்றை ஹேக் நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. பிறகு கனடாவின் வின்னிபெக்கில் ஓர் ஆர்வலர் போர்ட்கேவிச்சின் இசைத்தாள்களைத் திரட்டிச் சின்ன அளவில் பதிப்பிக்கத் தொடங்கினார். இன்று அவரை வாசிக்கிற கலைஞர்களில் பலருக்கு அந்தக் கைத்தொழில் பதிப்புகள்தான் முதல் வாசல்.

இந்த வரிசையில் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரர் நிகொலாய் மெத்னர். ராக்மானினவ் மெச்சிய நண்பர். 14 பியானோ சொனாட்டாக்கள் எழுதியவர். கடைசிக் காலத்தில் லண்டனில் கஷ்டஜீவனம். அவரைத் தேடி உதவி வந்த திசைதான் யாரும் எதிர்பாராதது: மைசூர். மகாராஜா ஜெயசாமராஜ உடையார் பியானோ பழகியவர், கர்நாடக சங்கீதத்தில் கிருதிகள் இயற்றியவர், பின்னாளில் 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாகாணத்தின் ஆளுநர். மெத்னர் தன் இசையைத் தானே வாசித்து எச்.எம்.வி.யில் பதிவு செய்ய அவர் பணம் கொடுத்தார். மெத்னர் சங்கம் என்று ஒன்றையும் ஆரம்பித்தார். மெத்னரின் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவின் காணிக்கை வரியில் இருப்பது மைசூர் மகாராஜாவின் பெயர்.

ஒலி இப்படிப் பதிவானது. தாள்? 1951-ல் மெத்னர் இறந்தார். அவர் மனைவி ஆன்னா 1958-ல் கையெழுத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு மாஸ்கோ திரும்பினார். மறு ஆண்டிலிருந்து 1963-க்குள் அரசுப் பதிப்பகமான முஸ்கிஸ் அவர் படைப்புகளை 12 தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு கலைஞரின் வாழ்க்கையைச் சிதைக்கவும் இன்னொருவருக்கு 12 தொகுதி போடவும் அதே அரசால் முடிந்தது என்பதுதான் சோவியத் பதிப்புலகின் விசித்திரம்.

அந்தப் பதிப்புகளுக்கு ஒரு முகம் உண்டு. சீக்கிரம் பழுப்பேறும் தாள், கோபெக்கில் அச்சிட்ட விலை, எத்தனை பிரதி அடித்தார்கள் என்ற எண். முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களைப் புரட்டியவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரம் நினைவிருக்கும், அதே வாடைதான். மறுபதிப்பு வருமா என்பது பதிப்பகத்தின் திட்டத்தைப் பொறுத்தது. நகல் எடுக்கலாம் என்றால் ஜெராக்ஸ் மாதிரியான எந்திரங்களை அங்கே பூட்டிய அறையில், பதிவேடு வைத்துத்தான் இயக்கினார்கள். துண்டுப் பிரசுரத்துக்குப் பயந்து போட்ட பூட்டு இசைக்கும் சேர்த்து விழுந்தது. கையால் பார்த்து எழுதிக்கொள்வதுதான் வழி.

2006 பிப்ரவரியில் பாஸ்டனில் எட்வர்ட் குவோ என்ற கன்சர்வேடரி மாணவர், காப்புரிமை முடிந்த இசைத்தாள்களை யாரும் இணையத்தில் ஸ்கேன் செய்து போடவும், இலவசமாக எடுத்துக்கொள்ளவும் ஒரு நூலகம் தொடங்கினார். 1501-ல் வெனிஸில் இசையை அச்சிட்ட பெத்ரூச்சியின் பெயரை வைத்தார். நூலகம் நின்றது கனடாச் சட்டத்தின் மேல். அங்கே அப்போது ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகளில் உரிமை முடியும். ஐரோப்பாவில் 70. அந்த இடைவெளிக்குள் வசதியாக வந்து உட்கார்ந்தவர்கள்தான் மெத்னரும் போர்ட்கேவிச்சும்.

2007 அக்டோபரில் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகத்திடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. மாணவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை, மூடிவிட்டார். 2008 ஜூன் 30-ல்தான் மறுபடி திறந்தது. யுனிவர்சல் எடிஷனை வில்லனாக்கிவிட வேண்டாம். 1920-களில் சோவியத் அரசுப் பதிப்பகத்தோடு கைகோத்து மோசலோவ் போன்றவர்களை மேற்கே கொண்டுவந்தது அதே நிறுவனம்தான். அது போட்ட பழைய பதிப்புகள் இல்லையென்றால் இன்று ஸ்கேன் செய்யவே பல தாள்கள் இருந்திருக்காது.

சட்டம் பின்னோக்கியும் பாயும். அமெரிக்காவில் பொதுச்சொத்தாக இருந்த சோவியத் படைப்புகளுக்கு 1996-ல் காப்புரிமை உயிர்ப்பிக்கப்பட்டது. அதுவரை ஒருமுறை வாங்கிவைத்துத் திரும்பத் திரும்ப வாசித்த இசைக்கு இனி வாடகை. லாரன்ஸ் கோலன் என்ற இசைக்குழு நடத்துநரும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஷோஸ்தகோவிச்சுக்கு வாடகை கொடுக்க ஆளிருக்கும். பெயரே தெரியாத ஒருவரின் பியானோத் துணுக்குக்கு? அங்கே உரிமைப் பூட்டு இருக்கும், விற்கிற கடை இருக்காது.

அலெக்ஸாந்தர் மோசலோவுக்கு நேர்ந்தது இதுதான். ‘இரும்பு ஆலை’ என்ற இசைக்குழுப் படைப்பால் 1920-களில் பேர் வாங்கியவர். 1936-ல் இசையமைப்பாளர் சங்கத்திலிருந்து நீக்கம், 1937-ல் எட்டாண்டுத் தண்டனை. ஆசிரியர்கள் க்ளியேரும் மியாஸ்கோவ்ஸ்கியும் மனுப்போட்டு மறு ஆண்டே மீட்டார்கள். திரும்பி வந்தவர் பழைய மாதிரி எழுதவில்லை. இறந்தது 1973. பழைய கணக்குப்படி 2024 ஜனவரியில் கனடாவில் அவர் பொதுச்சொத்தாகியிருக்க வேண்டும். 2022 டிசம்பர் 30-ல் கனடா 50-ஐ 70 ஆக்கிவிட்டது; இனி 2044. இந்தியாவில் 60 ஆண்டு என்பதால் 2034.

அன்றைக்கும் வரிசையில் ஓர் எண் காலியாகத்தான் இருக்கும். மோசலோவின் மூன்றாம் பியானோ சொனாட்டா தொலைந்துபோய்விட்டது. அவருடைய சொனாட்டாக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்ய உட்காருகிற கலைஞர்கள் ஒன்று, இரண்டு வாசிக்கிறார்கள். அப்புறம் நான்கு, ஐந்து வாசித்துவிட்டு எழுந்துகொள்கிறார்கள்.

(தொடரும்)