இன்செக்கியூர்: எது ஆட்டம் காண்கிறது?



இன்செக்கியூர் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதச் சொன்னால், நம்மில் பலர் யோசிக்காமல் 'பாதுகாப்பற்ற' என்று எழுதிவிடுகிறோம். எல்லா இடத்திலும் அது பொருந்துமா? நமக்கெல்லாம் தெரிந்த மஸ்ஜித் இந்தியாவை வைத்தே பார்ப்போம்.

2024 ஆகஸ்ட் 23-ஆம் நாள் காலை, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திடீரென உள்வாங்கியது. ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த மாது ஒருவர், ஏறக்குறைய 8 மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. இதற்கிடையே ஆகஸ்ட் 28-ஆம் நாள், அருகிலேயே இன்னோர் இடத்திலும் நிலம் அமிழ்ந்தது.

இந்த ஒரு நிகழ்விலேயே மூன்று பொருள்கள் இருக்கின்றன.

1. உறுதியற்ற: பிடிமானம் இல்லாத பொருளையோ இடத்தையோ குறிக்கும். 'கால் வைத்த தரை உறுதியற்றதாக இருந்தது.' ஆடும் ஏணிக்கும் இதுவே பொருந்தும்.

2. நிலையற்ற: பிழைப்பைக் குறிக்கும். கூட்டம் குறைந்து வியாபாரம் படுத்துவிட்டது என்று அங்குள்ள வியாபாரிகள் குறைப்பட்டார்கள். 'அவர்களின் வருமானம் நிலையற்றதாகிவிட்டது.'

3. மனம் சார்ந்த பொருள்: 'அந்தப் பக்கம் நடக்கவே ஒரு மாதிரி இருக்கு' என்றால், அது பாதுகாப்பின்மை உணர்வு. 'நான் பேசினா சிரிப்பாங்களோ' என்று ஒரு மாணவி ஒதுங்கினால், அது தன்னம்பிக்கைக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல.

நான்காவதாக, கணினித் துறைப் பொருளும் உண்டு. பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்தால், அது பாதுகாப்பற்ற கடவுச்சொல். 'பாதுகாப்பற்ற' என்பது இங்கே சரியாகப் பொருந்துகிறது.

வேர்ச்சொல்லையும் கவனியுங்கள். செக்கியூர் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் 'கவலையற்ற' என்பதே. முன்னால் 'இன்' சேர்ந்ததும் கவலை திரும்பி வந்துவிடுகிறது! நான்கு பொருளையும் இணைக்கும் இழை இதுதான்.

சரியான சொல் எதற்கு? மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல. வருமானம் ஆட்டம் கண்ட வியாபாரியை 'தன்னம்பிக்கை இல்லாதவர்' என்று எழுதினால், குறை அவர் மனத்தில் இருப்பதாக ஆகிவிடும். அமிழ்ந்த தரையைக் கண்டு தயங்குபவரைக் கோழை என்பதும் அப்படித்தான். தவறு தரையில் இருக்கிறது. பழி மனிதர்மேல் விழுகிறது.

ஆகவே, எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டம் காண்பது எது? பொருளா, பிழைப்பா, மனமா, காவலா? விடை தெரிந்தால் சொல் தானாக வரும்.

பயிற்சி: இவற்றுக்குப் பொருத்தமான சொல்லை எழுதுக.
அ. மூன்று மாத ஒப்பந்த வேலை
ஆ. கால் ஆடும் நாற்காலி
இ. மேடை ஏறத் தயங்கும் நண்பன்

விடை: அ. நிலையற்ற, ஆ. உறுதியற்ற, இ. தன்னம்பிக்கை குறைந்த.