மணற்காட்டில் மாளிகை வண்டி

நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்ந்துவரும் எமது பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஊர்த் திருவிழாவுக்கென வந்திருந்தபோது, வாடகைக்கு அமர்த்திய பெரியதொரு வண்டியிற் கல்லூரிக்கும் வந்தார். உள்ளே தோலிருக்கையும் குளிர்காற்றும் பொருந்தி, வெளியே லொறியைப்போல உயர்ந்த சில்லுகளையுடைய வண்டி அது. மாணாக்கர் அதனைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் எம்மை நோக்கி, "சேர், டீசல் லொறிக்கும் உழவு மெசினுக்கும் விடுகிற எண்ணெயல்லவா? இவ்வளவு சொகுசான வண்டிக்கும் ஏன் டீசல்?" என்று கேட்டான்.

வினைத்தொகைக்கும் பண்புத்தொகைக்கும் உள்ள வேற்றுமையை வினாவியிருப்பானாயின் நின்ற நிலையிலே விடை பகர்ந்திருப்போம். இதற்கு விடை தெரியாது விழித்தோம். அவ்வேளையில், பழைய மாணவரைக் காணவந்திருந்த வாடகைக் கார்ச் சாரதியான முதியவர் ஒருவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, மண்ணெண்ணெய்க்கு ஓடுமோ?" என்றார். எல்லோரும் நகைத்தனர். மாணவனின் வினாவிலும் இம்முதியவரின் வினா ஆழமானது என்பது எமக்குப் பின்னரே புலனாயிற்று. எமது விஞ்ஞான ஆசிரியரிடமும் வாகனந் திருத்துவோரிடமும் கேட்டும், நூல்களிற் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றோம். தமிழாசிரியன் எஞ்சினைப்பற்றி எழுதப் புகுந்தமையை அன்பர்கள் பொறுத்தருள்க.

யாழ்ப்பாணத்தாருக்குத் துவிச்சக்கர வண்டியை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. ரயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் உணர்ந்திருக்கின்றோம். காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும். இந்தச் சிறிய உண்மையே டீசல் எஞ்சினின் உயிர். பெற்றோல் எஞ்சினிலே பெற்றோலும் காற்றும் முன்னரே கலந்து உருளைக்குட் புகும். மின்பொறி அக்கலவையைக் கொளுத்தும். டீசல் எஞ்சினிலோ காற்று மாத்திரமே உட்புகும். முசலம் மேலேறி அக்காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரையிலான இடத்துக்குள் அடக்கிவிடும். அப்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கும் மேற்செல்லும். அந்தக் கணத்தில் எண்ணெயை நுண்டுளிகளாக உள்ளே விசிறினால், பொறியெதுவும் வேண்டாமலே அது தீப்பற்றி முசலத்தைக் கீழே தள்ளும். முசலம் என்பது உலக்கைக்குரிய சொல். உரலுள் உலக்கைபோல உருளையுள் ஏறியிறங்குவதற்கு அப்பெயரிட்ட கலைச்சொல்லாக்க அறிஞரை இவ்விடத்திற் பாராட்டாதிருத்தல் இயலாது.

இதனைக் கண்டவர் உருடோல்ப் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். 1893 இல் உரிமைப் பத்திரம் பெற்று, பல முறை தோற்று, 1897 இல் ஓக்ஸ்பேர்க் நகரிலே செம்மையாக இயங்கும் எஞ்சினைக் காட்டினார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ 26 வீதத்தை அது வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் அதன் அரைவாசியையும் எட்டுதல் அரிது. 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது என்பதையும் நம்மவர் நினைவிற்கொள்க; பின்னர் அது வேண்டப்படும்.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். செக்கிழுக்கும் எருது மெல்ல நடக்கும்; ஆயினும் அதன் இழுவைக்குச் செக்கு மறுக்காது சுழலும். பந்தயக் குதிரையைச் செக்கிற் பூட்டினால் என்னாகும்? டீசல் எஞ்சின் எருதின் இனம். அச்சைத் திருப்பும் வலிமையை முறுக்கம் என்பர். ரொயோட்டா நிறுவனம் 2021 இல் வெளியிட்ட 300 ஆம் வரிசை லாண்ட் குறூசரின் 3.3 லீற்றர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 700 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தைத் தருகின்றது. ஒரு மீற்றர் நீளமான கோலின் நுனியில் வளர்ந்த ஆடவன் ஒருவன், ஏறத்தாழ 71 கிலோகிராம் நிறையுடையவன், தொங்கினால் அக்கோல் அச்சை எவ்வளவு வலிமையுடன் திருப்புமோ அவ்வளவு எனக் கொள்க. அதனைப் பற்சில்லுகள் பின்னும் பன்மடங்காக்கும். எஞ்சின் அலறாமல், மெல்லச் சுழலும்போதே இவ்வலிமை கிடைப்பதுதான் சேற்றுக்கும் மணலுக்கும் வேண்டப்படுவது.

அப்படியாயின் லொறி எஞ்சினின் அதிர்வும் இரைச்சலும் எங்கே போயின? அவை ஒரு நாளிற் போகவில்லை. பிரித்தானியாவின் ரேஞ்ச் ரோவர் 1970 இல் வெளிவந்தபோது பெற்றோல் எஞ்சினே பூண்டிருந்தது. அதன் உட்புறமும் நீரூற்றிக் கழுவத்தக்கதாகவே அமைந்தது. சொகுசு பின்னர் வந்து சேர்ந்தது. 1986 இலேதான் இத்தாலிய டீசல் எஞ்சின் அதற்குப் பொருத்தப்பட்டது. 1997 முதல் கார்களுக்கு வந்த பொது எண்ணெய்க்குழாய் முறை எல்லாவற்றையும் மாற்றியது. இம்முறையில் எண்ணெய், வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 2,000 மடங்கு வரையான அமுக்கத்தில் ஒரு குழாயிற் காத்துநிற்கும். தலைமயிரளவே நுண்ணிய துளைகளினூடாக, கணினியின் ஆணைப்படி, ஒரே அடிப்பிற் பல தவணையாக அது விசிறப்படும். முதலிற் சிறு துளி எரிந்து இடத்தைச் சூடாக்க, பின்வரும் பெருந்துளிகள் அமைதியாக எரியும். ஒரேயடியாக வெடித்தலினால் உண்டான அந்தத் "தடதட" ஓசை இவ்வாறு அடங்கியது. கழிவுப் புகையின் விசையாலே சுழன்று, மிகுதியான காற்றை உருளைக்குள் திணிக்கும் சுழலியும் சேர்ந்தபோது எருது குதிரையின் வேகத்தையும் பெற்றது.

எஞ்சின் வலியதாயிருந்தாற் போதுமோ எனின், போதாது. இதனை நாம் வடமராட்சி கிழக்கின் மணற்காட்டில் நேரிற் கண்டோம். பழைய மாணவர், மணல்மேடுகளையும் மணலுட் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலையும் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினார். எம்மையும் உடனழைத்துச் சென்றார். தெருவைவிட்டு மணலில் இறங்கிய சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. சாரதி எண்ணெயை மிதிக்க மிதிக்க, சில்லுகள் தமக்குத் தாமே குழி தோண்டி அச்சுவரை புதைந்தன. உள்ளே குளிர்காற்று வீசிக்கொண்டேயிருந்தது!

இதன் காரணத்தை அறிதல் நன்று. தேர் வீதியின் மூலையில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லிலும் கூடிய தூரம் ஓடவேண்டும். தேரிலும் மாட்டுவண்டியிலும் ஒவ்வொரு சில்லும் தன் அச்சிலே தனித்துச் சுழல்வதால் இடரில்லை. எஞ்சினாற் சுழற்றப்படும் சில்லுகளுக்கோ இடையில் ஒரு பற்சில்லுத் தொகுதி வேண்டும். டிபரென்சல் என்று நம் மெக்கானிக்குகள் வழங்குவது அதுவே. இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் ஓட அது இடங்கொடுக்கும். ஆனால் அதற்கு ஒரு குறையுண்டு. ஒரு சில்லு பிடிப்பிழந்து வீணே சுழன்றால், மற்றைச் சில்லுக்கும் அந்த மெலிந்த அளவு வலிமையே செல்லும். எப்போதும் நான்கு சில்லும் இயங்கும் வண்டியில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவே ஒன்றென இத்தொகுதி மூன்று உண்டு. நடுவிலுள்ளதைப் பூட்டினாற்றான் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாய் இழுக்கும். அன்றியும், தாழ்நிலைப் பற்சில்லுக்கு மாற்றினால் முறுக்கம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். வேகம் அவ்வளவுக்குக் குறையும். எமது சாரதி இவ்விரண்டையும் செய்யவில்லை. அவை எங்கே உள்ளன என்பதையே அவர் கையேட்டைப் புரட்டித்தான் அறிந்தார்.

அவ்விடத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வந்தார். கரையிலிருந்து படகுகளை உழவு இயந்திரத்தால் இழுத்துப் பழகியவர். "காத்தை இறக்குங்கோ ஐயா" என்றார். 35 இறாத்தலாக இருந்த ரயரின் அமுக்கத்தை 18 அளவுக்குக் குறைப்பித்தார். காற்றுக் குறைந்த ரயர், ஒட்டகத்தின் பாதம்போல அகன்று மணலின்மேல் நின்றது. நடுப்பூட்டும் தாழ்நிலையும் இடப்பட்டதும், எண்ணெயை மிதிக்கவும் வேண்டாமல் வண்டி தானே ஊர்ந்து வெளியேறியது. கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான பொறியியலுக்கும் மணலுக்கும் இடையே அன்று குறைவாயிருந்தது அம்மனிதரின் ஒரு வாக்கியமே.

இனி முதியவரின் வினா. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வரத் தடையிருந்தது. மண்ணெண்ணெயும் அளந்தே கிடைத்தது. நாம் அப்போது சிறுவர். வீதியில் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் வந்தால், பின்னாலே ஒஸ்ரின் ஏ40 அல்லது மொறிஸ் மைனர் ஒன்று வருகின்றதென்று அறிவோம். அவை எவ்வாறு ஓடின? பெற்றோலுக்குரிய எஞ்சின்களே அவை. ஆயினும் அவற்றின் நெருக்கல் விகிதம் ஏழின் அளவே. தாழ்ந்த எரிபொருளாகிய மண்ணெண்ணெய் உயர்ந்த நெருக்கலிலே முந்தியே தீப்பற்றி எஞ்சினை உடைத்துவிடும். ஏழில் அது ஒருவாறு பொறுக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையாற் சேலைன் போத்தலிற் சேமித்த சிறிது பெற்றோலைத் துளித்துளியாகக் காபுறேற்றருக்கு விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முற்காலத்து ஃபேர்கசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை இவ்வாறே பெற்றோலிற் கிளம்பி, பின்னர் மலிவான எண்ணெயில் ஓடும்படி ஆலையிலேயே ஆக்கப்பட்டது. நம்மவர் அதனை ஆலையின்றிச் செய்தனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தமையால், அதனை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. இவையாவும் கராச்சுகளிற் பட்டறிவாற் கண்டவை. காபுறேற்றரைச் சாவியொன்றாற் கழற்றிப் பார்க்க முடிந்தமையாலேயே கண்டவை.

புதிய சொகுசு டீசல் வண்டி மண்ணெண்ணெய்க்கு ஓடுமோ? தீப்பற்றும், ஐயமில்லை, டீசலும் மண்ணெண்ணெயும் அண்மை உறவினர். ஆனால் அதன் உயரமுக்கப் பம்பிக்கு மசகும் அவ்வெண்ணெயேயாம். மண்ணெண்ணெயின் மசகுத்தன்மை குறைவு. உலோகம் உலோகத்தோடு உரைந்து, தேய்ந்த துகள்கள் அந்த மயிரளவு துளைகளை அடைக்கும். நிலக்கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சினின் பேரப்பிள்ளை இன்று நல்ல டீசலிலும் கந்தகம் மிகுந்தால் முகஞ்சுளிக்கின்றது. புகை குறைந்தது, ஓசை அடங்கியது, எண்ணெய்ச் செலவு மிச்சமாயிற்று. இவை மெய்யான பேறுகளே. இவற்றின் விலை இது.

இவ்விலையை அறிந்தோர் வேறுவகையாகத் தேர்ந்தனர். 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் நிவாரண நிறுவனங்களின் வெள்ளை நிற லாண்ட் குறூசர்கள் இங்கே நிறைய ஓடின. அவற்றுட் பல 70 ஆம் வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசைக்குரிய எஞ்சின்களுள் 1990 இல் வந்த 4.2 லீற்றர், ஆறு உருளை டீசல் எஞ்சின் ஒன்று. அதற்குச் சுழலியுமில்லை, விசிறலை ஆளும் கணினியுமில்லை. முறுக்கம் 285 நியூட்டன் மீற்றரே; 700 எங்கே, 285 எங்கே! ஆயினும் உலகில் எரிபொருளும் கராச்சும் அரிதான இடங்களுக்கெல்லாம் அந்நிறுவனங்கள் அதனையே அனுப்பின. எம்மைக் கேட்டால், நமது மண்ணுக்கும் அதுவே தக்கது என்போம். 2022 இல் எண்ணெய் நிலையங்களின் முன்னே நாட்கணக்காக வரிசை நின்றபோது, சொகுசு வண்டியும் முச்சக்கர வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகவே நின்றன.

மாணவனுக்கு இவற்றைக் கூறினோம். அவன் கேட்டு முடிந்ததும், "சேர், அந்த நுண்ணிய துளையைப் பார்க்கலாமா?" என்றான். எம்மிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கரும்பலகையிற் படமே வரைந்தோம். பழைய மாணவருட் பொறியியலாளரும் கராச்சு நடத்துவோரும் பலர் உளர். கழிக்கப்பட்ட டீசல் எஞ்சின் ஒன்றை, உருளையும் முசலமும் விசிறியும் தெரியும்படி குறுக்கே அறுத்து எமது விஞ்ஞான கூடத்துக்கு அளிப்பாராயின், அதனை வைப்பதற்கு வேண்டிய மேசையை நாம் இப்பொழுதே ஒழித்து வைப்போம். இக்கட்டுரையிற் பிழை காண்போரும் அவ்வாறே வந்து திருத்தலாம்.