இளைஞர் படை காத்த காடும் வயலும்

மலையில் மரம் குறைந்தால் வயலில் மண் குறையும். இந்த உண்மையை அமெரிக்க நாடு பெரும் நஷ்டம் அடைந்த பிறகே 1930-களில் உணர்ந்தது. பல காடுகள் மொட்டையாகியிருந்தன. சரிவு நிலங்களின் மேல்மண் மழையோடு ஓடியது. அதே சமயம் இலட்சக்கணக்கான இளைஞர்கள் வேலையின்றித் தவித்தனர்.

இரண்டு குறைகளையும் ஒரே திட்டத்தால் போக்க முற்பட்டார் அதிபர் ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 31-ல் இதற்கான சட்டம் கையெழுத்தாகி, இயற்கைவளப் பாதுகாப்புப் படை பிறந்தது. 18 முதல் 25 வயது வரையுள்ள, மணமாகாத, வேலையற்ற இளைஞர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். முகாமுக்குச் சுமார் 200 பேர். உணவும் உடையும் இலவசம். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வரை குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. பெண்களுக்கு இப்படையில் இடமில்லாததும், கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் வைத்ததும் இத்திட்டத்தின் குறைகள்.

காட்டில் நடந்த வேலை

அரசுக் காடுகளிலும் பொதுப் பூங்காக்களிலும் இவர்கள் கன்று நட்டனர். தீத்தடுப்புக் கோடுகள் வெட்டினர். பாதைகளும் சிறு பாலங்களும் அமைத்தனர். காட்டுத் தீயையும் அணைத்தனர். 1942-ல் படை கலைக்கப்படும் வரை சுமார் 30 இலட்சம் பேர் பணியாற்றி, ஏறத்தாழ 300 கோடி மரங்களை நட்டனர்.

விவசாயிக்குக் கிடைத்த உதவி

விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் செங்குத்தான சரிவுகளிலும் மேலிருந்து கீழாக உழுது வந்தனர். மழைநீர் ஓடி நிலத்தில் பள்ளங்கள் விழுந்தன. 1933-ல் அங்கு மண் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டனர். விதை, சுண்ணாம்பு, வேலிக் கம்பி ஆகியவற்றை அரசு கொடுத்தது. இளைஞர் படை உழைப்பைக் கொடுத்தது. சரிவான காட்டுப் பகுதியில் மாடு மேய்க்காமல் இருப்பது விவசாயியின் பொறுப்பு.

சரிவுக்குக் குறுக்கே உழுது, மக்காச்சோளம் ஒரு பட்டை, குதிரை மசால் ஒரு பட்டை என மாற்றி மாற்றிப் பயிரிட்டனர். ஒரு பட்டையில் கரைந்த மண்ணை அடுத்த பட்டை பிடித்து நிறுத்தியது. நாளடைவில் மண் அரிப்பு பெரிதும் குறைந்தது.

ஒரு தவறும் உண்டு

மண்ணைப் பிடிக்கும் என்று நம்பித் தென் மாநிலங்களில் குட்சு என்னும் ஆசியக் கொடியை ஏராளமாக நட்டனர். அது மரங்களையே மூடி வளர்ந்து களையாகிவிட்டது. சீமைக் கருவேலம் பரவியதைக் கண்ட நம் விவசாயிகளுக்கு இது நன்கு விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

* சரிவு நிலத்தில் குறுக்கே மட்டுமே உழவேண்டும்.
* ஓடைப் பள்ளத்தில் கல் தடுப்புகளை மேற்பகுதியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி அமைக்கவேண்டும். தடுப்பின் நடுப்பகுதி சற்றுத் தாழ்வாக இருந்தால் வெள்ளம் கரையை அறுக்காது.
* புதிதாகக் கன்று நட்ட இடத்தில் ஆடு மாடுகளை விடக்கூடாது.
* பழக்கமில்லாத செடி கொடிகளை விசாரிக்காமல் நடக்கூடாது.

இவற்றுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் கோடையில் கூடி உழைத்தால், வரும் மழைக்கு மேல்மண் வயலிலேயே நிற்கும்.