ஆர்கேட் சண்டை விளையாட்டுகளின் போர்முறையும் சிலம்பமும்: தற்காப்பு நோக்கில் ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

1991 முதல் 1994 வரை வெளிவந்த நான்கு ஆர்கேட் சண்டை விளையாட்டுகளின் போர்முறைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தற்காப்பை விதியாக்கிய முறையே அவற்றை அடிப்படையில் வேறுபடுத்துகிறது என்பதையும், அடியும் தடுப்பும் ஒரே வீச்சில் அமையும் சிலம்பம் அவ்விதிகளுள் முழுமையாக அடங்காது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிலம்பம், ஆர்கேட், தற்காப்பு, காலடி, மற்போர்

முன்னுரை

2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. களத்தில் ஏற்புப் பெற்றுவரும் இக்கலையைக் கணினித் திரைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமெனில், முன்னைய சண்டை விளையாட்டுகள் போரை எவ்வாறு விதிகளாக மாற்றின என்பதை அறிதல் வேண்டும்.

தாக்குதலின் அலகு

கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்களைக் கொண்டது. அடியின் வலிமையே இதன் அலகு. வலிய அடி மிகுந்த சேதம் விளைவிப்பினும் பொதுவாக மீள்வதற்குக் காலம் எடுக்கும். மிட்வேயின் மார்ட்டல் காம்பாட் (1992) குத்தையும் உதையையும் உயர்வு, தாழ்வு எனப் பிரித்தது. நாம்கோவின் டெக்கென் (1994) இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் தனித்தனிப் பொத்தான் வழங்கியது. உறுப்பையே அலகாகக் கொள்ளும் இப்பார்வை தமிழுக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போரைப் பாடும் புறநானூற்று 80ஆம் பாடலும் மார்பில் ஊன்றிய காலையும் பின்புறம் வளைந்து எதிர்நிற்கும் காலையும் பிரித்தே காட்டுகிறது.

தடுப்பின் விலை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ஜாய்ஸ்டிக்கை எதிராளிக்கு மறுதிசையில் இழுத்தலே தடுப்பு. பின்வாங்குதலும் தடுத்தலும் ஒரே செயலாவதால், அஞ்சித் தடுப்பவர் இடத்தை இழந்து மூலைக்குத் தள்ளப்படுகிறார். எதிராளி தலைக்குமேல் தாவி மறுபுறம் அடித்தால் தடுக்கும் திசையும் மாறிவிடும். மார்ட்டல் காம்பாட்டில் தடுப்புக்குத் தனிப் பொத்தான் உண்டு. எனவே நின்ற இடத்திலேயே தடுக்கலாம், தாவலால் திசை குழம்பும் இடருமில்லை. சேகாவின் வெர்ச்சுவா ஃபைட்டரும் (1993) தடுப்புப் பொத்தான் கொண்டது. ஆயினும் தடுப்பவரைப் பற்றி எறியலாம்; பற்ற வருபவரை அடித்து முந்தலாம்; அடியைத் தடுக்கலாம். இச்சுழற்சியில் எதுவும் முழுப் பாதுகாப்பு அன்று. களத்தின் எல்லைக்கு வெளியே வீழ்வதும் தோல்வியாதலால் நிற்கும் இடமும் கருதத்தக்கதாகிறது.

சிலம்பத்தின் வேறுபாடு

மேற்கண்ட நான்கிலும் அடித்தலும் தடுத்தலும் வெவ்வேறு கட்டளைகள். சிலம்பத்திலோ சுழலும் கம்பு ஒரே வேளையில் அரணாகவும் ஆயுதமாகவும் உள்ளது. ஒரு முனை எதிராளியின் கம்பை விலக்குகையில் மறுமுனை அடிக்கு ஆயத்தமாகிறது. வீச்சின் எல்லையைக் காலடியே முடிவு செய்கிறது. மேலும், விளையாட்டுகளில் சேதம் உயிர்க்கோட்டில் படிப்படியாகக் கழிகிறது. சிலம்பப் போட்டியிலோ உடலைத் தொடுதலே புள்ளியாகிறது. வலிமையைவிடத் துல்லியமே அங்கு முதன்மை பெறுகிறது. சோல்காலிபர் (1998) விளையாட்டின் கிலிக் என்னும் பாத்திரம் கம்பேந்திப் போரிடினும், அங்கும் தடுப்புக்குத் தனிப் பொத்தானே உள்ளது.

முடிவுரை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் இந்தியப் பாத்திரமாகிய தல்சிம் நீளும் கைகளாலும் வாயினின்று உமிழும் நெருப்பாலும் அறியப்படுவது. அது யோகம் பற்றிய கற்பனை. பயிற்சிவழிப்பட்ட போர்க்கலை அன்று. மாறாக, டெக்கென் 3இன் (1997) எடி கோர்டோ பிரேசிலின் கப்போய்ராவை அதன் ஆட்ட நடையோடு திரைக்குக் கொணர்ந்தது. சிலம்பத்துக்கு இரண்டாவது வழியே பொருந்தும். அடிகளின் தோற்றத்தை மட்டும் பதிவுசெய்து பழைய பொத்தான் முறையில் ஏற்றினால் கம்பு மிஞ்சும், கலை மிஞ்சாது. காலடி, தொலைவு, வீச்சு ஆகியவற்றின் உறவைப் பயிற்றுநர்களிடமிருந்து முறையாக ஆவணப்படுத்துதலே முதற்பணியாகும்.